தேக்கு ஏன் கருகுகிறது?

வாசல் கதவில் கஜலட்சுமிக்குக் கீழே ஒரு தாமரை. ரூட்டர் இதழ் இதழாக வெட்டிக்கொண்டு வருகிறது. ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு தெரிகிறது, போகப்போகக் கறுக்கிறது. "அண்ணே, கருகுது" என்கிறான் மெஷின் ஓட்டும் பையன். "மெதுவா விடுடா" என்கிறார் முதலாளி. நிமிடத்துக்கு 1,500 மில்லிமீட்டர் நகர்ந்துகொண்டிருந்த மெஷினை 1,000-க்கு இறக்குகிறான். அடுத்த இதழ் முன்பைவிட அதிகமாகக் கருகுகிறது. பிட் மட்டச் சரக்கு என்று முடிவாகி, பாரிமுனையிலிருந்து புதுசு வருகிறது. அதுவும் சில கதவுகளுக்குள் மழுங்கிவிடுகிறது.

மெதுவாகப் போனால் மரத்துக்கும் நல்லது, பிட்டுக்கும் நல்லது என்ற நம்பிக்கை கணினி தரும் எண்படி நகரும் சிஎன்சி ரூட்டர் வைத்திருக்கும் காஞ்சிபுரத்துத் தச்சுப் பட்டறைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. உண்மையில் இரண்டுக்கும் அது கெடுதல். காரணம் புரிந்துவிட்டால், பக்கத்துப் பட்டறையில் என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று போன் போட்டுக் கேட்கும் பழக்கம் தானாக நின்றுவிடும். கேட்டு வாங்கிய எண் பெரும்பாலும் உதவுவதும் இல்லை.

வெளியூர்க்காரருக்குக் காஞ்சிபுரம் என்றால் பட்டும் கல்லும்தான். ஆனால் இந்த ஊர் மரத்தாலும் ஆனது. பட்டு நெய்யும் குழித்தறி மரம், கோயில் தேர்கள் மரம், 2019-இல் ஊர் கொள்ளாத கூட்டத்தைக் கூட்டிய அத்திவரதர் அத்தி மரம். எண் சொல்கிறபடி கருவி நகர்வதும் இங்கே அந்நியமல்ல. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி, துளையிட்ட அட்டையைப் படித்து எந்தப் பாவு இழை தூக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. பிரான்சில் ஜோசப் மாரி ஜக்கார்டு அதை உருவாக்கியது 1804-இல். அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் தொடங்கிய யோசனையை எம்ஐடி நிறுவனம் 1952-இல் துளையிட்ட நாடா சொல்கிறபடி உலோகம் வெட்டும் இயந்திரமாகச் செய்து காட்டியது. இன்று பூஜையறைக் கதவு செதுக்கும் ரூட்டருக்கு அதுவே முன்னோடி.

ரூட்டரில் கைக்கு எட்டும் எண்கள் இரண்டு. ஒன்று ஸ்பிண்டில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற ஆர்பிஎம். இன்னொன்று பிட் மரத்துக்குள் நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்ற ஃபீட். இவற்றைத் தனித்தனி வேகங்களாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மரத்துக்கு இரண்டில் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் ஒரு வெட்டுவாய் ஒரு தடவை கடந்து போகும்போது எவ்வளவு கனமான சீவலை எடுத்துப்போகிறது என்பதுதான்.

நெய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. விசைத்தறியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊடை விழும் என்பதை ஊடை இழையைக் கொண்டோடும் நாடாவின் ஓட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை, நெய்த துணி எவ்வளவு வேகமாகச் சுருட்டப்படுகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. நாடா அதே வேகத்தில் ஓட, சுருட்டுவதை மட்டும் மெதுவாக்கினால் ஊடை நெருங்கி விழும். ரூட்டரில் ஃபீடைக் குறைப்பது அப்படித்தான். வெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி விழுகின்றன.

கணக்குச் சின்னதுதான். ஃபீடை எடுத்து, ஆர்பிஎம்மையும் பிட்டில் உள்ள வெட்டுவாய்களின் எண்ணிக்கையையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். கிடைப்பது ஒரு வாய் எடுக்கும் சீவலின் கனம். பிட் விற்கிற நிறுவனங்கள் இதை சிப் லோடு என்கின்றன. 6 மில்லிமீட்டர் பிட், இரண்டு வாய், 18,000 ஆர்பிஎம், ஃபீட் 1,500 என்றால் சீவல் 0.042 மில்லிமீட்டர். அதாவது தலைமுடியைவிட மெல்லிசு. ஃபீடை 1,000-க்கு இறக்கினால் 0.028. ஒவ்வொரு மில்லிமீட்டர் மரத்தையும் பிட் 36 தடவை தொட்டுவிட்டுப் போகிறது. 3,600-க்கு ஏற்றினால் 0.1 மில்லிமீட்டர் சீவல், மில்லிமீட்டருக்குப் பத்தே தொடல்.

மெல்லிய சீவல் ஏன் கருகும்? எவ்வளவு கூரான கார்பைடு பிட்டானாலும் வாயின் விளிம்பு உண்மையில் ஓர் உருண்டைதான். புதிதில் அந்த வளைவு மைக்ரான் கணக்கில் இருக்கும், தேயத்தேயப் பெரிதாகும். எடுக்க வேண்டிய சீவல் அந்த வளைவை நெருங்கும் அளவுக்கு மெலிந்துவிட்டால் வாய் மரத்துக்குள் இறங்காது. மேலே ஏறி வழுக்கித் தேய்க்கும். தேய்ப்பில் பிறக்கிற சூடு போக ஒரே வழி சீவல்தான். கனத்த சீவல் சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே பறக்கிறது. தூளாகிப்போன சீவலால் அது முடியாது. சூடு பிட்டிலும் மரத்திலும் தங்குகிறது, மரம் கருகுகிறது, வாய் இன்னும் தேய்கிறது, தேய்ந்த வாய் இன்னும் அதிகமாகத் தேய்க்கிறது. சில கதவுகளுக்குள் பிட் போய்விடுவது இப்படித்தான்.

ஆக, கருகினால் முதலில் கை போக வேண்டிய இடம் ஃபீடை ஏற்றும் பொத்தான், இல்லாவிட்டால் ஆர்பிஎம்மை இறக்கும் திருகு. இரண்டிலும் சீவல் கனக்கும். அதற்குப் பிறகும் கருகினால்தான் பிட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

சரியான கனம் எவ்வளவு? பெரிய பிட் உற்பத்தியாளர்களின் அட்டவணைகளில் 6 மில்லிமீட்டர் பிட்டுக்குக் கடினமரத்தில் கால் மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், எம்டிஎஃப் பலகைக்கு அதைவிடக் கூடுதல். 3 மில்லிமீட்டர் பிட் என்றால் கடினமரத்தில் 0.1-ஐ ஒட்டி இறங்கிவிடும். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வாய், 18,000 ஆர்பிஎம், கால் மில்லிமீட்டர் என்றால் ஃபீட் 9,000. அந்த அட்டவணைகள் டன் கணக்கில் எடையுள்ள, பலகையை வெற்றிட உறிஞ்சலில் பிடித்து வைக்கும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கானவை. நம் பட்டறை மெஷினின் பாலம் அந்த வேகத்தில் நடுங்கும், கிளாம்பு போட்ட பலகை கிளம்பும். அதனால் 6 மில்லிமீட்டர் பிட்டுக்குத் தேக்கில் 0.1-இல் தொடங்கி மேலே ஏறிப் பார்ப்பது நியாயமான வழி. 0.05-க்குக் கீழே இறங்கிவிட்டோமா என்பதை மட்டும் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெஷினால் வேகமாக நகர முடியாதபோது கனத்த சீவல் எடுக்க இன்னொரு வழி உண்டு. ஒற்றை வாய்ப் பிட் போட்டு, சுற்றை 12,000-க்கு இறக்கினால் ஃபீட் 1,800-லேயே 0.15 மில்லிமீட்டர் சீவல் கிடைக்கிறது. நான்கு வாய்ப் பிட் சீக்கிரம் வெட்டும் என்று நினைத்து மரத்துக்கு வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அதே 18,000-இல் 0.1 மில்லிமீட்டர் சீவலுக்கு அது 7,200 ஃபீட் கேட்கும். சின்ன மெஷினில் அதைப் போட்டால் வெட்டுவதைவிடத் தேய்ப்பதுதான் நடக்கும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் உலோகப் பட்டறைகளில் சிஎன்சி பழகிவிட்டு மரத்துக்கு வருகிறவர்களிடம் வேறொரு பழக்கம் இருக்கிறது. உலோகத்தில் முதல் கேள்வி வாயின் விளிம்பு நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது. எஃகுக்கு ஒரு எல்லை, அலுமினியத்துக்கு ஒரு எல்லை. அதிலிருந்து ஆர்பிஎம்மைக் கணக்கிட்டு, பிறகு ஃபீடுக்கு வருவார்கள். 6 மில்லிமீட்டர் பிட் 18,000-இல் சுற்றும்போது விளிம்பு நிமிடத்துக்கு 339 மீட்டர் ஓடுகிறது. எஃகு வெட்டிப் பழகியவருக்கு இது பயமூட்டும் எண். மரத்தில் கார்பைடுக்கு இது ஒன்றுமேயில்லை. மரத்தில் வேகத்துக்கு எல்லை வைப்பவை சூடும், மெஷினின் விறைப்பும், பலகையைப் பிடித்திருக்கும் பிடியும்தான். கூலன்ட் ஊற்றும் வசதியும் இங்கே இல்லை, சீவல்தான் கூலன்ட்.

ஆர்பிஎம்மை இறக்குவதிலும் ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலான ரூட்டர் ஸ்பிண்டில்கள் 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று தரும் வகை. சுற்றை ஏற்றி இறக்கும் விஎஃப்டி பெட்டியின் திரையில் தெரிவது பல இடங்களில் ஹெர்ட்ஸ்தான். அதை 60-ஆல் பெருக்கினால் சுற்று வரும். 300 என்று காட்டினால் 18,000, 200 என்றால் 12,000. இந்த மோட்டார்களில் சுற்றைக் குறைக்கும்போது சக்தியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். 2.2 கிலோவாட் என்று ஒட்டியிருப்பது 24,000-க்கான எண், 12,000-இல் பாதிதான் கையில் இருக்கும். காற்றுக் குளிர்விப்பில், விசிறி தண்டோடு சேர்ந்து சுற்றும் வகை என்றால், மெதுவாகச் சுற்றும்போது மோட்டாருக்கே காற்றுப் போதாது. எனவே 6 மில்லிமீட்டர் பிட்டுக்கு 12,000-லிருந்து 18,000 வரையிலான பகுதியில் வேலையை முடித்துக்கொள்வது நல்லது. விஎஃப்டியில் ஆம்பியர் காட்டும் பக்கம் ஒன்றிருக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. வெட்டும்போது அது என்ன காட்டுகிறது என்று ஒரு வாரம் கவனித்தால், பிட் மழுங்குவதைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே எண் சொல்லிவிடும்.

இதுவரை சொன்னது நேர்க்கோட்டில் ஓடும் பிட்டுக்கு. கதவுச் சிற்பத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திரையில் 6,000 என்று போட்டிருப்பீர்கள். மெஷின் அந்த வேகத்தில் போகிறதா?

பெரும்பாலும் இல்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து கிளம்பியதும் முழு வேகம் எடுக்காததுபோல் என்றெல்லாம் உவமை தேட வேண்டாம், கணக்கே போதும். நொடிக்கு நொடி 500 மில்லிமீட்டர் வீதம் வேகம் கூட்டும்படி கன்ட்ரோலரில் அமைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6,000 என்பது நொடிக்கு 100 மில்லிமீட்டர். அதை எட்ட 10 மில்லிமீட்டர் தூரம் வேண்டும், நிற்க இன்னொரு 10. இதழின் ஒரு வளைவு 4 மில்லிமீட்டர்தான் என்றால், அதன் நடுவில் மெஷின் தொடும் உச்ச வேகமே 2,700-ஐத் தாண்டாது. சராசரி 1,350 அளவில் நிற்கும். வளைவின் இரு முனைகளிலும் ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் ஸ்பிண்டில் மட்டும் 18,000-இல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரையில் 0.17 மில்லிமீட்டர் சீவல், மரத்தில் 0.04. இதழின் நடுவைவிட முனைகளும் உள்மூலைகளும் கருகுவதற்கு இதுதான் காரணம். மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

திரையில் போட்ட எண்ணை விட்டுவிட்டு, உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது ஒரு வழி. பாதையின் மொத்த நீளத்தை மென்பொருள் சொல்லும், நேரத்தைக் கடிகாரம் சொல்லும். வகுத்தால் வருவதுதான் உங்கள் மெஷினின் உண்மையான ஃபீட். அந்த எண்ணுக்கு ஏற்றபடி ஆர்பிஎம்மைக் குறையுங்கள். நுணுக்கமான யாளி முகத்துக்கும் நீண்ட கதவு விளிம்புக்கும் ஒரே ஸ்பிண்டில் சுற்றை வைப்பதில் அர்த்தமே இல்லை. உள்மூலைகளில் கூர்முனை திருப்பத்துக்குப் பதிலாகச் சின்ன வளைவு வைக்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் மெஷின் நிற்காமல் திரும்பும், கருகல் குறையும்.

புடைப்புச் சிற்பத்துக்குப் போடுவது உருண்டை முனைப் பிட். இதில் யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம், முனையின் நட்டநடுவில் வெட்டுவேகம் பூஜ்யம். சுற்றும் அச்சில் இருக்கும் புள்ளி சுற்றினாலும் நகர்வதில்லை. 6 மில்லிமீட்டர் உருண்டைப் பிட் அரை மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டும்போது, மரத்தைத் தொடும் வட்டத்தின் விட்டம் 3.3 மில்லிமீட்டர்தான். கஜலட்சுமியின் பின்னால் உள்ள தட்டையான தளத்தை உருண்டைப் பிட்டால் சீவினால், முனை வெட்டாமல் அரைத்துக்கொண்டே போகும், நார் எழும்பும். அந்தத் தளத்தைத் தட்டை முனைப் பிட்டுக்குத் தனியாகக் கொடுத்துவிட்டு, உருவத்துக்கு மட்டும் உருண்டையைக் கொண்டுவருவது நேரத்தையும் மிச்சப்படுத்தும், உப்புத்தாள் வேலையையும் குறைக்கும்.

நேரம் என்றதும் இன்னொரு கணக்கு. 600-க்கு 300 மில்லிமீட்டர் பலகையில் கோடு கோடாகச் சீவும்போது ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால், 1,500 கோடுகள், மொத்தம் 900 மீட்டர் பயணம். நிமிடத்துக்கு 3 மீட்டர் உண்மையாகவே ஓடினாலும் 5 மணி நேரம். 0.1 ஆக்கினால் 10 மணி நேரம். இடைவெளியைப் பாதியாக்கினால் கோடுகளுக்கிடையே நிற்கும் மேடு கால் பங்காகும் என்பது நிஜம். ஆனால் 6 மில்லிமீட்டர் உருண்டைப் பிட்டில் 0.6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும் மேடு 0.015 மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டிய மழமழப்பைத் தேக்கின் நாரே காட்டவிடாது. எதற்கும் இருக்கட்டும் என்று 0.1 போடுகிறவர், மணிக்கணக்கில் வாடகை வாங்கும் பட்டறைக்காரராக இருந்தால் சந்தோஷப்படலாம், கதவுக்காரர் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஒரு மில்லிமீட்டர் கூர்முனைப் பிட்டுக்கு மட்டும் கணக்கு மாறும். அங்கே 0.1 தேவைப்படும், அதனால்தான் அதை முகத்துக்கும் கைவிரலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபினிஷிங் பாஸ் என்று கடைசியாக ஓரத்தை ஒரு தடவை சீவுகிறார்களே, அங்கேயும் இதே பிசகு நடக்கிறது. 'மிச்சம் 0.3 மில்லிமீட்டர்தான், மெதுவாக, பதமாக' என்று ஃபீடைப் பாதியாக்குகிறார்கள். பிட் தன் விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு மட்டும் மரத்தைத் தொடும்போது, கணக்கில் 0.1 என்று வரும் சீவல் உண்மையில் 0.044-க்கு மேல் கனக்காது. வட்டத்தின் ஓரத்தை மட்டும் மரம் சந்திப்பதால் வரும் விளைவு இது. ஃபினிஷிங்கில் ஃபீடைக் குறைக்கக் கூடாது, இரு மடங்காக்க வேண்டும். மிச்சம் விடுவதையும் அரை மில்லிமீட்டராக வைத்துக்கொள்ளலாம்.

ஆழத்துக்கு ஒரு எளிய விதி பிட் உற்பத்தியாளர்களிடமே இருக்கிறது. அட்டவணையில் உள்ள சீவல் கனம், பிட்டின் விட்டம் அளவுக்கு ஆழம் போகும்போது பொருந்தும். இரு மடங்கு ஆழம் என்றால் கனத்தைக் கால் பங்கு குறைக்க வேண்டும், மூன்று மடங்கு என்றால் பாதி. தேக்கில் லேசான மெஷினுக்கு விட்டத்தில் பாதி ஆழமே போதும் என்பேன். ஆழத்தைக் குறைத்து ஃபீடை ஏற்றுவது, ஆழமாக இறங்கி ஊர்ந்து போவதைவிடப் பிட்டுக்கும் நல்லது, ஓரத்துக்கும் நல்லது. நேராகக் கீழே குத்தி இறங்குவதையும் தவிர்க்க வேண்டும், சரிவாக இறங்கும் பாதை வைத்தால் இறங்கும் இடத்தில் கறுப்புப் புள்ளி விழாது.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டில் அதை எவ்வளவு நீட்டி மாட்டுகிறீர்கள் என்பது வேகத்தைவிடப் பெரிய விஷயம், ஆனால் அதை யாரும் வேகக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிட் வளைவது நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 30 மில்லிமீட்டர் நீட்டியதை 40 ஆக்கினால் வளைவு 2.4 மடங்கு ஆகிறது. விட்டத்துக்கு நான்மடிக் கணக்கு. 6-லிருந்து 3-க்கு இறங்கினால் 16 மடங்கு. கோலெட்டுக்குள் தூசி அடைந்து பிட் 0.05 மில்லிமீட்டர் கோணலாகச் சுற்றினால், 0.05 மில்லிமீட்டர் சீவலில் ஒரு வாயே எல்லாவற்றையும் வெட்டும், இன்னொன்று வேடிக்கை பார்க்கும். கோலெட்டைப் பித்தளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்வதும், தேய்ந்தால் மாற்றுவதும் செலவே இல்லாத மருத்துவம்.

மரத்துக்கு வருவோம். தேக்கில் நல்லெண்ணெய் போல ஓர் எண்ணெய்ப் பசை இருப்பதால் வெட்ட வழுவழுவென்றிருக்கும், அதனால் பிட்டுக்கு இலகு என்று நினைப்போம். ஆனால் தேக்கு மண்ணிலிருந்து சிலிக்காவை இழுத்து வைத்துக்கொள்ளும் மரம். சில மரங்களில் அது எடையில் ஒரு சதவீதத்தையும் தாண்டும். மணல் கலந்த மரத்தை வெட்டுவது போலத்தான். மெல்லிய சீவலில் தேய்க்கத் தேய்க்க அந்த மணல் வாயை அரைத்துவிடும். தேக்கில் மெதுவாகப் போவதற்கு மற்ற மரங்களைவிடப் பெரிய தண்டனை காத்திருப்பது இதனால்தான். வேங்கை தேக்கைவிடக் கனம், நார் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். அங்கே ஆழத்தைத்தான் குறைக்க வேண்டும், சீவல் கனத்தை அல்ல. ஈரம் போகாத மா, வாகை, வேம்பு மரங்களை என்ன எண் போட்டாலும் சுத்தமாக வெட்ட முடியாது, நார் பஞ்சு போல எழும்பி நிற்கும். காயவிடுவதுதான் அதற்கு மருந்து.

நாரின் திசைக்கு எதிராகப் போகும்போது சிராய் கிளம்புவது தச்சருக்குத் தெரிந்ததுதான். மெஷினுக்குத் தெரியாது, மென்பொருளில் சொல்ல வேண்டும். கன்வென்ஷனல் என்ற திசையில் சீவல் மெலிசாகத் தொடங்கிக் கனத்து முடியும். பிட் நாரை முன்னால் தூக்கிப் பிளக்கும். கிளைம்ப் என்ற திசையில் கனத்துத் தொடங்கி மெலிந்து முடியும், ஓரம் சுத்தமாக வரும், ஆனால் பிட் மெஷினைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும். தளர்ந்த மெஷினில் முதல் வெட்டுகளைக் கன்வென்ஷனலிலும் கடைசிச் சீவலை மட்டும் கிளைம்பிலும் வைத்துக்கொள்வது நிதானமான ஏற்பாடு. பிட்டின் முறுக்கும் முக்கியம். மேல்நோக்கி முறுக்கியது சீவலை வெளியே தள்ளும், மேல் ஓரத்தைக் கொஞ்சம் பிய்க்கும். கீழ்நோக்கி முறுக்கியது ஓரத்தை அழகாக வைக்கும், சீவலைப் பள்ளத்துக்குள்ளேயே அமுக்கும். ஆழமான பள்ளத்தில் கீழ்முறுக்குப் பிட்டைப் போட்டுவிட்டு வேகக் கணக்கைக் குறை சொல்வது நியாயமில்லை. அங்கே கருகலுக்குக் காரணம் வெளியேற வழியில்லாத சீவல்.

சரி, நாளைக் காலையில் எப்படித் தொடங்குவது? அதே பலகையின் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு மரத் துண்டு உதவாது. 6 மில்லிமீட்டர் இரு வாய்ப் பிட், 16,000 ஆர்பிஎம், 3 மில்லிமீட்டர் ஆழம், ஃபீட் 3,200. கணக்கில் 0.1. ஒரு நேர்க்கோடு வெட்டுங்கள். பிறகு கன்ட்ரோலரில் ஃபீடைப் பத்துப் பத்துச் சதவீதமாக ஏற்றிக்கொண்டே கோடு போடுங்கள். ஏதோ ஓர் இடத்தில் சத்தம் முரடாகும், ஓரத்தில் அலை தெரியும், அல்லது ஆம்பியர் துள்ளும். அங்கிருந்து ஒன்றரைப் படி கீழே வாருங்கள். ஸ்பிண்டில் முழுக்க நின்றதும் பிட்டைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கலாம், விரல் வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. கையில் விழுந்தது மாவா, சீவலா என்று பாருங்கள். மாவாக இருந்தால் இன்னும் மேலே போக இடமிருக்கிறது. கீச்சென்ற ஒலி வந்தால் பெரும்பாலும் தேய்ப்பு, ஆர்பிஎம்மைக் குறைத்தால் அடங்கும். அந்த எண்களை மரம், பிட், ஆழம், ஆம்பியர் எல்லாவற்றோடும் சேர்த்து அந்தத் துண்டின் மேலேயே எழுதி ஆணியில் மாட்டிவையுங்கள். ஆறு மாதத்தில் சுவரில் தொங்குவது எந்த நிறுவனத்தின் அட்டவணையைவிடவும் உங்கள் மெஷினுக்குப் பொருந்தும்.

எண்ணைப் போடும்போது அலகையும் பாருங்கள். சில மென்பொருள்கள் நொடிக்கு மில்லிமீட்டர் கேட்கும், சில நிமிடத்துக்கு. பழைய ஆர்ட்கேமில் வடிவம் செய்து புதிய கன்ட்ரோலரில் ஓட்டும் பட்டறைகளில் இந்த 60 மடங்குப் பிசகு அபூர்வமல்ல. ஆர்ட்கேமை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018-இல் நிறுத்திய பிறகும் அதன் பழைய பதிப்புகள் இங்கே உயிரோடுதான் இருக்கின்றன.

மெஷின் செதுக்கிய கதவைக் கைவேலை என்று விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது உளிக்குக் கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் கிடைத்ததும், விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவர்களோடு இந்த ஊர் போராடி வருவதும் எல்லோருக்கும் தெரியும். ரூட்டர் வேலை தன் பெயரிலேயே நல்ல வேலையாக இருக்கலாம். கருகாத ஓரமும் சீரான ஆழமும் அதன் கௌரவம். கண்ணும் புருவமும் மட்டும் உளிக்காரரிடம் போனால், அதை மறைக்காமல் சொல்லித் தனிக் கூலி கேட்கலாம்.

கடைசியாகத் தூள். மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. எம்டிஎஃப் தூளில் ஃபார்மால்டிஹைடு பசையும் சேர்ந்திருக்கிறது. சீவல் கனக்கக் கனக்க மூச்சில் போகும் மெல்லிய தூள் குறையும், இருந்தாலும் உறிஞ்சியும் முகமூடியும் இல்லாமல் ஓட்டக் கூடாது. உறிஞ்சி இருக்கும் பட்டறைகளுக்கு ஓர் எச்சரிக்கை. கருகும் வெட்டிலிருந்து ஒரு கங்கு குழாய் வழியாகப் பைக்குள் போனால், தூளுக்குள் அது சத்தமில்லாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கருகல் நடந்த நாளில் இரவு பூட்டும் முன் பையை வெளியே கொட்டி, தண்ணீர் தெளித்து, மூடியுள்ள இரும்பு டிரம்மில் போட்டுவிட்டுப் போங்கள்.